மர்ஃபியின் நீல அட்டைப் புத்தகம்: பெர்ஃபெக்ட் டென்ஸுக்காக மட்டும் வாங்கலாமா?

ரேமண்ட் மர்ஃபி எழுதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிடும் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' பற்றி ஏற்கெனவே எக்கச்சக்கமாக எழுதிவிட்டார்கள். 1985-இல் முதலில் வந்தது, என் கையில் இருப்பது 2019-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, மொத்தம் 145 பாடங்கள், இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, இவ்வளவுதான் அமைப்பு. முழுப் புத்தகத்தையும் அலசப்போவதில்லை. நான் எடுத்துக்கொள்வது ஏழாம் பாடத்திலிருந்து பதினாறு வரை மட்டும், அதாவது 'ஹேவ் டன்' போன்ற பிரசன்ட் பெர்ஃபெக்டும் 'ஹேட் டன்' போன்ற பாஸ்ட் பெர்ஃபெக்டும் வரும் இடம். ஆங்கிலம் நன்றாகவே எழுதுகிறவர்கள்கூடத் தடுமாறுவது இங்கேதான், ஒரு இலக்கணப் புத்தகம் தேறுமா தேறாதா என்பதும் இங்கேதான் தெரிந்துவிடும்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: எழுத்துக்கு இதைவிடத் தெளிவான பத்துப் பாடங்களை நான் பார்த்ததில்லை, தைரியமாக வாங்கலாம். ஆனால் பேச்சுக்கு இது மட்டும் போதாது, தமிழ் பேசுகிறவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இந்தப் புத்தகத்துக்குத் தெரியவே தெரியாது.

நல்லதிலிருந்து தொடங்குவோம். பல புத்தகங்கள் 'ஹேவ், ஹேஸ், அப்புறம் வினையின் மூன்றாம் வடிவம்' என்று வாய்பாடு கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். மாணவர்களும் கோ, வென்ட், கான் என்று ஒப்பித்துவிடுவார்கள், எப்போது போடவேண்டும் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. மர்ஃபி அப்படி விடுவதில்லை. பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்பது கடந்த காலத்தைப் பற்றிய செய்தி இல்லை, இப்போதைய நிலையைப் பற்றிய செய்தி என்பதை முதல் பக்கத்திலேயே பதியவைத்துவிடுகிறார். 'சம்படி ஹேஸ் ப்ரோக்கன் தி விண்டோ' என்று ஒருவர் சொன்னால் கண்ணாடித் துண்டுகள் இன்னும் தரையில் கிடக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம், 'சம்படி ப்ரோக் தி விண்டோ' என்றால் அது நடந்து முடிந்த கதை, இந்நேரம் புதுக் கண்ணாடியே மாட்டியிருக்கலாம்.

புத்தகத்தின் உண்மையான பலம் பதின்மூன்றாம், பதினான்காம் பாடங்கள். பிரசன்ட் பெர்ஃபெக்டையும் சாதாரண பாஸ்ட் டென்ஸையும் அங்கே அருகருகே நிறுத்துகிறார். இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கும். காலை பதினொரு மணிக்கு 'ஹேவ் யூ சீன் ஹெர் திஸ் மார்னிங்' என்று கேட்கிறோம், அதே கேள்வியைச் சாயங்காலம் கேட்டால் 'டிட் யூ சீ ஹெர் திஸ் மார்னிங்' ஆகிவிடுகிறது, ஏனென்றால் காலை முடிந்துவிட்டது. ஆளும் அதே, சம்பவமும் அதே, கடிகாரம் மட்டும் நகர்ந்திருக்கிறது. இந்த ஒரு விஷயம் மனசில் உட்கார்ந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

இனி நம் சிக்கலுக்கு வருகிறேன். 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' தவறு, யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் போல முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் பிரசன்ட் பெர்ஃபெக்ட் வரக்கூடாது என்று புத்தகம் சொல்கிறது. சரியான விதிதான். ஆனால் நமக்கு அது ஏன் உறுத்துவதில்லை? 'நேற்று அவர் வந்திருக்கிறார், நான்தான் பார்க்கவில்லை' என்பது பழுதில்லாத தமிழ். நேற்றும் இருக்கிறதும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. நம்மிடம் மட்டும் இல்லை, ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் மொழியின் பெர்ஃபெக்டோடு நேற்றைத் தாராளமாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். இவற்றிலிருந்து ஆங்கிலம் விலகி நிற்கிறது. 1992-இல் வொல்ஃப்காங் க்ளைன் என்ற மொழியியலாளர் இதையே 'பிரசன்ட் பெர்ஃபெக்ட் புதிர்' என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதனால் இதில் தடுமாறுகிறவர்களை மட்டம் தட்டுவதில் அர்த்தமில்லை.

இதைவிட ஆழமாக வேர்விட்டது 'போயிருந்தேன்'. 'போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன்' என்று சொல்லும்போது நாம் ஒரு சூழலை விரிக்கிறோம், அவ்வளவுதான், அதற்குப் பிறகு வேறு சம்பவம் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதை அப்படியே 'ஐ ஹேட் கான் டு மீட் ஹிம் லாஸ்ட் வீக்' என்று ஆங்கிலமாக்கிவிடுகிறோம். கேட்கிற ஆங்கிலேயர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பார். ஹேட் கான் என்றால் அதற்குப் பின்னால், அதுவும் கடந்த காலத்திலேயே, இன்னொன்று நடந்திருக்கவேண்டும், எதற்கு முன்னால் போனார் என்று தெரியவேண்டும். அது வராமல் பேச்சு முடிந்துவிட்டால் அவருக்குப் பாதியில் நின்ற மாதிரி இருக்கும். 'ஐ வென்ட் டு மீட் ஹிம் லாஸ்ட் வீக்' என்பதே போதும். நம் ஆட்களின் அலுவலக மின்னஞ்சல்களில் தேவையில்லாமல் முளைக்கும் ஹேட்களில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் வருகிறது என்பது என் கணிப்பு. மர்ஃபியின் பதினைந்தாம் பாடம் பாஸ்ட் பெர்ஃபெக்டை எங்கே போடவேண்டும் என்று அழகாகச் சொல்கிறது, நாம் அதை எங்கெல்லாம் கூடுதலாகப் போடுகிறோம் என்பது அதில் இல்லை. உலகம் முழுவதற்கும் ஒரே புத்தகம் என்னும்போது அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் வாங்குகிறவர் இந்த ஓட்டையைத் தெரிந்துகொண்டு வாங்கவேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. '2019-இலிருந்து இங்கேதான் வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' என்று பெர்ஃபெக்டில்தான் சொல்லும். ஃபார் எது, சின்ஸ் எது என்ற குழப்பமும் இதோடு ஒட்டிக்கொண்டு வரும். பதினொன்றும் பன்னிரண்டும் இதற்கென்றே இருக்கின்றன, பயிற்சிகளும் போதுமான அளவு உண்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை.

பேச்சு என்று வரும்போதுதான் புத்தகம் மெலிகிறது. சுருக்க வடிவங்களை அது காட்டுகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அச்சில் ஐவ் என்று பார்ப்பது வேறு, வேகமாகப் பேசும் ஒருவர் வாயில் அந்த வ் கரைந்துபோவதைக் கேட்பது வேறு. 'ஐவ் புட் இட் தேர்' என்பதற்கும் 'ஐ புட் இட் தேர்' என்பதற்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு வ் மட்டும்தான். ஹீஸ் என்றால் ஹி இஸ்ஸா, ஹி ஹேஸ்ஸா என்பது அடுத்த சொல் வந்தால்தான் தெரியும், ஐட் என்றால் ஹேட்டா, வுட்டா என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே 'ஷுட் ஹேவ்' என்பதை 'ஷுட் ஆஃப்' (of) என்று தப்பாக எழுதுவது ஏன் தெரியுமா? பேச்சில் அந்த ஹேவ் வெறும் 'அவ்' ஆகத் தேய்ந்துவிடுகிறது, காதில் விழுந்ததை எழுதுகிறார்கள். இதெல்லாம் காதுக்கான பாடம். மின்னூலோடு வரும் பதிப்பில் உதாரண வாக்கியங்களைக் கேட்கலாம், ஆனால் தனித்தனியாக வாசிக்கப்படும் வாக்கியம் ஒருநாளும் அவசரமான உரையாடலுக்கு ஈடாகாது.

இன்னொன்று, இது பிரிட்டிஷ் ஆங்கிலப் புத்தகம். 'ஹேவ் யூ ஈட்டன் யெட்' என்று பிரிட்டனில் கேட்பதை அமெரிக்கர் சர்வசாதாரணமாக 'டிட் யூ ஈட் யெட்' என்று கேட்பார், ஜஸ்ட், ஆல்ரெடி வரும் இடங்களிலும் அப்படியே. பின்னிணைப்பில் இந்த வேறுபாடுகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார், ஆனால் சுருக்கமாக. அமெரிக்கத் தொடர்களைப் பார்த்துப் பேசக் கற்றவர் இந்தப் பாடங்களைப் படித்தால், தான் இத்தனை நாள் பேசியதெல்லாம் தப்போ என்று பயந்துவிடுவார். தப்பே இல்லை. சொல்லப்போனால் பிரிட்டிஷ் பேச்சே இந்தப் புத்தகத்தின் கோட்டுக்குள் அடங்குவதில்லை. ஆட்டம் முடிந்ததும் பேட்டி கொடுக்கும் கால்பந்து வீரர்களைக் கவனியுங்கள், 'ஹீஸ் க்ராஸ்ட் இட் அண்ட் ஐவ் ஹெடட் இட் இன்' என்கிற ரீதியில், முடிந்துபோன சம்பவத்தை அடுக்கடுக்காகப் பிரசன்ட் பெர்ஃபெக்டிலேயே சொல்லிக்கொண்டு போவார்கள். தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும், பேச்சில் அது உயிரோட்டமாக இருக்கிறது.

எழுத்தில் இந்த டென்ஸுக்கு ஒரு தனி வேலை உண்டு, அதைப் புத்தகம் இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். ஆங்கிலச் செய்தி பெரும்பாலும் பெர்ஃபெக்டில் கதவைத் திறந்து பாஸ்ட் டென்ஸில் உள்ளே நுழையும்: முதல் வாக்கியம் 'தி மினிஸ்டர் ஹேஸ் ரிசைன்ட்', அடுத்த வாக்கியத்தில் எப்போது, யாரிடம் கடிதம் கொடுத்தார் என்பது எல்லாம் கேவ், செட், லெஃப்ட் என்று போகும். ஆராய்ச்சிக் கட்டுரையிலும் கிட்டத்தட்ட இதே நடைதான், முன்னோர் செய்தவற்றைத் தொகுக்கும்போது 'ஸ்டடீஸ் ஹேவ் ஷோன்', தான் செய்த பரிசோதனையைச் சொல்லும்போது 'வீ மெஷர்ட்'. வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தில்கூட இது பயன்படும். இன்றும் தொடரும் அனுபவம் பெர்ஃபெக்டில், விட்டுவந்த வேலை பாஸ்ட் டென்ஸில்.

விதிக்குள் அடங்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. ஐன்ஸ்டைன் 1955-இல் இறந்துவிட்டார், அதனால் 'ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்' என்றால் அவர் இன்னும் உயிரோடிருப்பது போல ஒலிக்கிறது. அதையே திருப்பி 'பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டட் பை ஐன்ஸ்டைன்' என்று போட்டால் நெருடுவதில்லை, பிரின்ஸ்டன் என்ற ஊர் இன்னும் இருக்கிறதே! மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி கவனத்துக்குக் கொண்டுவந்த ஜோடி இது. வாக்கியம் யாரைப் பற்றியதோ அவருக்கு இன்றும் அந்த அனுபவம் சொந்தமாக இருக்கவேண்டும் என்கிற நுட்பம் இதிலிருந்து பிடிபடுகிறது. மர்ஃபி இந்தப் பக்கம் போவதில்லை.

'வில் ஹேவ்' என்று வரும் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் இருபத்துநான்காம் பாடத்தில் சுருக்கமாக வருகிறது, அந்த அளவு போதும், பேச்சில் அபூர்வமாகத்தான் தட்டுப்படும். 'யூ வில் ஹேவ் ஹெர்ட் தி நியூஸ்' என்றால் எதிர்காலமே இல்லை, இந்நேரம் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்ற ஊகம், இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

வாங்குவதாக இருந்தால் விடைகளோடு வரும் பதிப்பையே வாங்குங்கள், விடை இல்லாத பதிப்பும் இருக்கிறது, தனியாகப் படிக்கிறவருக்கு அது உதவாது. பெர்ஃபெக்ட் பகுதிக்காக மட்டும் என்றால் நான்காம் பதிப்பு பழையதாகக் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஆங்கிலம்தான் வேண்டும் என்பவர்களுக்கு 'கிராமர் இன் யூஸ் இன்டர்மீடியட்' என்று இவருடைய புத்தகமே தனியாக உண்டு, இப்போதுதான் ஆங்கிலம் தொடங்குகிறவர்களுக்குச் சிவப்பு அட்டை போட்ட 'எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்' இருக்கிறது. எதை வாங்கினாலும் பாடங்களை வரிசையாக முடிக்கவேண்டும் என்று இல்லை, பதின்மூன்றையும் பதினான்கையும் முதலில் படித்துவிட்டு அப்புறம் ஏழுக்குத் திரும்பினால் சீக்கிரம் பிடிபடும்.