குடை, ஷேவர், வெள்ளை பலூன்

அறுபதுகளின் பிரிட்டிஷ் உளவுத் தொடர்களைச் சின்ன வயதில் பார்த்த ஒருவரைப் பேசவிட்டால், பத்து நிமிடத்தில் பேச்சு நிறங்களுக்கு வந்துவிடும். "தி அவெஞ்சர்ஸ்" நாயகி எம்மா பீல் போட்டுவந்த ஜம்ப்சூட்டுகளின் நிறம், "தி பிரிசனர்" கிராமத்தில் எல்லோரும் பிடித்துக்கொண்டு நடக்கும் கோடுபோட்ட குடைகளின் நிறம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரே ஒரு இடறல். இந்தத் தொடர்கள் முதலில் ஓடிய ஐடிவி என்ற தனியார் சேனலில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது 1969 நவம்பரில்தான். "தி பிரிசனர்" அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. "தி அவெஞ்சர்ஸ்" தொடரும் அதற்குள் மூட்டை கட்டிவிட்டது. பிரிட்டனில் அன்று டிவி முன் உட்கார்ந்திருந்தவர்கள் கண்டதெல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணம் பின்னால் வந்த மறுஒளிபரப்புகளில் ஒட்டிக்கொண்டது. 1980களில் சேனல் 4 மறுபடி ஓட்டியபோது பார்த்ததையும் 1967இல் பார்த்ததையும் மனசு ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டது.

ஐடிவியில் வண்ணமே இல்லாதபோது வண்ணத்தில் ஏன் எடுத்தார்கள்? அமெரிக்காவுக்கு விற்கத்தான். இந்த விற்பனைக் கணக்கைப் பின்னால் மறுபடி தொடவேண்டியிருக்கும், ஞாபகத்தில் இருக்கட்டும்.

சில மாதங்களாக மூன்று தொடர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "தி அவெஞ்சர்ஸ்", "டேஞ்சர் மேன்", "தி பிரிசனர்". முதலாவது, நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த மார்வெல் கூட்டம் இல்லை. இந்தப் பழைய பெயரோடு குழப்பம் வரக்கூடாது என்று அந்த 2012 படத்துக்கே பிரிட்டனில் பெயரை நீட்டி "அவெஞ்சர்ஸ் அசெம்பிள்" என்று வைத்தார்கள். அந்த அளவுக்கு அங்கே அந்தப் பெயருக்கு மரியாதை.

"தி செயிண்ட்" எங்கே என்று கேட்பவர்களுக்கு: 118 பகுதிகள், ரோஜர் மூர், வெள்ளை வால்வோ, தலைக்கு மேல் ஒளிவட்டம், எல்லாம் சரி. ஆனால் அதன் நாயகன் சைமன் டெம்ப்ளர் உளவாளி கிடையாது. ஊர் ஊராகப் போய் வம்பை விலைக்கு வாங்கும் கனவான். அதனால் வெளியே நிறுத்திவிட்டேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிகம் நேசிக்கப்படுவது "அவெஞ்சர்ஸ்". அதிகம் விவாதிக்கப்படுவது "பிரிசனர்". இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து பார்க்க எதைப் போடலாம் என்று கேட்டால் "டேஞ்சர் மேன்".

முதலில் குடைக்காரர். 1961 ஜனவரியில் "அவெஞ்சர்ஸ்" ஆரம்பித்தபோது நாயகன் இயன் ஹென்ட்ரி நடித்த டாக்டர் கீல். வருங்கால மனைவியைக் கொன்றவர்களைப் பழிவாங்கப் புறப்படுகிறார், அதனால் இந்தத் தலைப்பு. பேட்ரிக் மெக்னீ நடித்த உளவாளி ஸ்டீட் பக்கத்தில் நின்ற ஆள்தான். ஒரு வருஷத்தில் ஹென்ட்ரி கிளம்பிவிட, பக்கத்தில் நின்றவர் நடுவுக்கு வந்தார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் யாருக்காகப் பழிவாங்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்து வந்தவர் ஆனர் பிளாக்மேன். ஆணுக்கு எழுதி வைத்திருந்த கதைவசனங்களைக் கொஞ்சம் தட்டிக் கொட்டி அவர் கையில் கொடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. அதுதான் நல்லதாகப் போயிற்று. பிரிட்டிஷ் டிவியில் ஒரு பெண் தோல் உடை போட்டு ஜூடோவில் ஆண்களைத் தூக்கி எறிந்தார், ஸ்டீட் சொல்வது தப்பென்றால் முகத்துக்கு நேராகச் சொன்னார். 1964இல் "கோல்ட்ஃபிங்கர்" என்ற பாண்ட் படத்துக்காக அவர் விலகினார். அடுத்த வருஷக் கிறிஸ்துமஸ் கதை ஒன்றில் ஸ்டீடுக்கு அவர் நடித்த பாத்திரத்திடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. ஃபோர்ட் நாக்ஸில் (அந்தப் பாண்ட் படத்தில் வில்லன் குறிவைக்கும் தங்கக் கிடங்கு) அவருக்கு என்ன வேலை என்று ஸ்டீட் யோசிக்கிறார். பாண்ட் படம் பார்த்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இந்தத் தொடரின் குணமே இதுதான். எதற்கும் விளக்கம் சொல்லாது, கண் மட்டும் சிமிட்டும்.

டயானா ரிக் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. எம்மா பீல் என்ற பெயரே ஆங்கிலத்தில் "ஆண்களைக் கவர்வது" என்பதைச் சுருக்கி விளையாடியது. வைத்தவர்கள் வேடிக்கையாக வைத்தார்கள், ரிக் அந்தப் பெயரை மீறி நடித்தார். ஒளிப்பதிவாளரைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று அவருக்குத் தெரியவந்தது. சண்டை போட்டு ஏற்றி வாங்கினார், பத்திரிகைகள் பணத்தாசை பிடித்தவர் என்று எழுதின. திரையில் அந்தச் சமத்துவத்தைக் காட்டிப் பணம் பார்த்தவர்கள் கணக்குப் புத்தகத்தில் அதை எழுத மறந்திருந்தார்கள்.

கூடவே இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. "அவெஞ்சர்ஸ்" காட்டும் இங்கிலாந்தில் தெருவில் ஆளே இருக்காது. போலீஸ்காரர் வரமாட்டார், உழைத்துச் சாப்பிடுகிறவர் வரமாட்டார், கறுப்பர் வரமாட்டார். தயாரிப்பாளரும் எழுத்தாளருமான பிரையன் கிளெமென்ஸ் இதைக் கொள்கையாகவே வைத்திருந்தார், வெளிப்படையாகவும் சொன்னார்: இது கற்பனை உலகம், இங்கே மேல்தட்டு மட்டும்தான். அந்த வெறிச்சோடிய கிராமச் சாலையில் பென்ட்லி வருவது அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகுக்காக யார் யாரைச் சாலையைவிட்டு அப்புறப்படுத்தினார்கள் என்று தெரிந்த பிறகு எனக்குப் பழைய மாதிரி ரசிக்க வரவில்லை.

"டேஞ்சர் மேன்" 1960 செப்டம்பரில் தொடங்கியது. பாண்டின் முதல் படம் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. பேட்ரிக் மெக்கூஹன் ஜான் ட்ரேக் என்ற உளவாளியாக வந்தார். (இரண்டு பெரிய தொடருக்கும் ஆளுக்கொரு பேட்ரிக். குணத்தில் எண்ணெயும் தண்ணீரும்.) மெக்கூஹன் போட்ட நிபந்தனைகள் பிரபலம்: கதைக்குக் கதை பெண்களைக் கட்டியணைக்கமாட்டேன், துப்பாக்கியை இஷ்டத்துக்கு நீட்டமாட்டேன். பாண்ட் வேடம் வந்தபோதும் வேண்டாம் என்றார், "செயிண்ட்" வந்தபோதும் வேண்டாம் என்றார்.

ஸ்டீடும் துப்பாக்கியை விரும்பாதவர்தான். மெக்னீ போரில் கடற்படையில் இருந்தவர், பார்த்தது போதும் என்று துப்பாக்கியைத் தள்ளி வைத்தார். குடைக்குள் வாள் வந்தது அப்படித்தான். ஸ்டீடுக்கு அது ஸ்டைல் ஆனது. ட்ரேக்குக்குத் துப்பாக்கி இல்லாதது தினப்படிக் கஷ்டம். மாட்டிக்கொண்டால் பேசித்தான் தப்பிக்கவேண்டும், இல்லாவிட்டால் அடி வாங்கவேண்டும். அவர் கருவிகளும் அப்படியே: மின்சார ஷேவருக்குள் டேப் ரெக்கார்டர், சிகரெட் லைட்டருக்குள் கேமரா. ஒரு விற்பனைப் பிரதிநிதியின் பெட்டியில் இருந்தால் சுங்க அதிகாரி இரண்டாம் தடவை பார்க்கமாட்டார். வேலைக்காரன், ஆசிரியர், குமாஸ்தா என்று கதைக்கொரு வேடம். ஒன்றில் திருட்டு வானொலி அறிவிப்பாளராகப் போகிறார். அதைக் கடலுக்கு நடுவே உள்ள ரெட் சாண்ட்ஸ் என்ற போர்க்காலக் கோட்டையில், ரேடியோ 390 நிஜமாகவே இயங்கிய இடத்திலேயே எடுத்தார்கள்.

"காலனி த்ரீ" என்று ஒரு பகுதி, 1964இல் வந்தது. இரும்புத்திரைக்கு அப்பால் ஒரு ஆங்கில ஊரை அப்படியே நகலெடுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனுக்கு அனுப்பப்போகும் உளவாளிகள் அங்கே ஆங்கிலேயராக வாழ்ந்து பழகுகிறார்கள். உண்மையான ஆங்கிலேயர்களும் இருக்கிறார்கள், நம்பி வந்தவர்கள், இனித் திரும்பமுடியாதவர்கள். ட்ரேக் உள்ளே போய்த் தகவலோடு வெளியே வந்துவிடுகிறார். அங்கே சந்தித்த ஒரு பெண் அங்கேயே விடப்படுகிறாள். அவளை மீட்கவேண்டும் என்கிறார் ட்ரேக். மேலிடம் அசைவதாக இல்லை. மெக்கூஹன் ஒன்றும் செய்வதில்லை, முகத்தை மட்டும் இறுக்கிக்கொள்கிறார். முந்தைய ஆண்டுதான் பிரிட்டிஷ் உளவுத் துறைக்குள்ளிருந்தே சோவியத்துக்கு வேலை செய்த கிம் ஃபில்பி மாஸ்கோவுக்கு ஓடியிருந்தார். சொந்த அலுவலகத்தை நம்பலாமா என்ற கேள்வி பிரிட்டனில் காற்றோடு கலந்திருந்தது. "அவெஞ்சர்ஸ்" அந்தக் காற்றை ஜன்னல் சாத்தித் தடுத்தது.

குறை இல்லாமல் இல்லை. ட்ரேக் போகும் அத்தனை நாடும் பெரும்பாலும் இங்கிலாந்து ஸ்டுடியோவுக்குள்ளேயே இருக்கிறது. முகத்தில் மை பூசிய பிரிட்டிஷ் நடிகர்கள் அரேபியராகவும் ஆசியராகவும் வரும்போது ரிமோட்டைத் தேடத் தோன்றும். ஆனால் அந்த மைக்குப் பின்னாலுள்ள மனிதனுக்கு ஒரு நியாயம் எழுதப்பட்டிருக்கும்.

இனி "பிரிசனர்". 1967 செப்டம்பர் முதல் மொத்தமே 17 பகுதிகள். தொடக்கக் காட்சியில் வசனமே இல்லை. இடி இடிக்கிறது, லோட்டஸ் கார் பாய்ந்து வருகிறது, மெக்கூஹன் நடித்த ஒருவர் நீண்ட நடைவழியில் நடந்துபோய் ஒரு மேசைமேல் ராஜினாமாக் கடிதத்தை அறைகிறார், தேநீர்க் கோப்பை குலுங்குகிறது. வீட்டுக்கு வந்து பெட்டி கட்டும்போது சாவித் துவாரம் வழியாகப் புகை வருகிறது. கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே வேறு ஊர், ஆட்களைப் பெயருக்குப் பதில் எண்ணால் அழைக்கும் சிறைக் கிராமம். அவர் இனி நம்பர் சிக்ஸ். ராஜினாமாக் கடிதம் விழுந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தொடரின் கதை ஆசிரியர் ஜார்ஜ் மார்க்ஸ்டைனே. ராஜினாமா செய்யும் அந்த மனிதர் ஜான் ட்ரேக்தான் என்று மார்க்ஸ்டைன் கடைசிவரை சொன்னார், மெக்கூஹன் கடைசிவரை மறுத்தார். ரசிகர்களுக்கு இந்த ஒரு வழக்கு போதும், அரை நூற்றாண்டாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ட்ரேக்தான். "காலனி த்ரீ" பார்த்தவருக்கு ராஜினாமாவுக்குக் காரணம் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அந்த வேறு ஊர், வேல்ஸில் கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் 1925 முதல் கட்டிய போர்ட்மெய்ரியன். எந்த ஊர் என்று கடைசிப் பகுதிவரை சொல்லாமல் வைத்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், "டேஞ்சர் மேன்" முதல் பகுதியிலேயே இத்தாலி என்று அதே ஊரைக் காட்டிவிட்டார்கள். தப்பிக்கப் பார்ப்பவர்களைத் துரத்தும் வெள்ளை உருண்டையும் அவசரத்தில் பிறந்தது. முதலில் செய்த இயந்திர வண்டி சரிப்படவில்லை, வானிலை ஆய்வுக்கு விடும் பலூனைப் பிடித்துப் போட்டார்கள். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரவேண்டும். அது ஒருவன் முகத்தில் அப்பி மூச்சடைக்கும்போது வரவில்லை.

ஏழு பகுதி போதும் என்று மெக்கூஹன் நினைத்தார். தயாரிப்பு நிறுவனமான ஐடிசியின் தலைவர் லூ கிரேட் விற்பனைக்குத் தோதாக 26 கேட்டார். 17இல் வந்து நின்றது. பத்து பகுதி இட்டு நிரப்பியது என்பது பார்த்தாலே தெரியும். மெக்கூஹன் வேறொரு படத்துக்குப் போய்விட, நாயகனின் மனதை வேறு நடிகரின் உடம்பில் ஏற்றிய பகுதியைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். ஒரு பகுதி முழுக்க கவ்பாய் கதை. கடைசிப் பகுதியில் கிராமத்தை ஆளும் நம்பர் ஒன் யார் என்று முகமூடியைக் கழற்றினால் குரங்கு முகம், அதையும் கழற்றினால் நாயகனின் முகமே. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். வெளியே தலைகாட்ட முடியாமல் கொஞ்ச நாள் ஒளிந்திருந்ததாக மெக்கூஹனே பின்னால் சொல்லியிருக்கிறார். அந்தக் கோபம்தான் தொடரை உயிரோடு வைத்திருக்கிறது. 1977இல் தொடங்கிய "சிக்ஸ் ஆஃப் ஒன்" ரசிகர் சங்கம் அதே ஊரில் கூடி, ஆட்களையே காய்களாக நிறுத்திச் சதுரங்கம் ஆடியிருக்கிறது. ஸ்டீட் தொப்பி வைத்துக்கொள்ளும் ரசிகர்கள் உண்டு. ட்ரேக் மாதிரி உடை போடலாம் என்றால் எதைப் போடுவது? மழைக்கோட்டா?

இனி அந்த விற்பனைக் கணக்கு. அமெரிக்காவை மனதில் வைத்த ஐடிசி 35 மிமீ ஃபிலிமில் எடுத்தது. அதனால் "டேஞ்சர் மேன்" 86 பகுதியும் "பிரிசனர்" 17 பகுதியும் கண்ணாடி மாதிரி மிஞ்சியிருக்கின்றன. "அவெஞ்சர்ஸ்" ஆரம்பத்தில் ஸ்டுடியோ வீடியோ, சிலது நேரடி ஒளிபரப்பு. முதல் வருஷத்து 26 பகுதியில் முழுசாகக் கிடைப்பது மூன்று, அதில் ஒன்று 2016இல்தான் கண்டெடுக்கப்பட்டது. டாக்டர் கீலுக்காக ஏங்கும் ரசிகரை நீங்கள் பார்க்கவே முடியாது, ஏங்குவதற்குக் காட்சி வேண்டுமே. எட்வர்ட் உட்வர்ட் நடித்த "கேலன்" தொடருக்கும் இதே கதிதான். அரசாங்கத்துக்காகக் கொலை செய்து, அதற்காகத் தன்னையே வெறுக்கும் மனிதனின் கதை. அதன் கறுப்பு வெள்ளைப் பகுதிகளில் பல போயே போய்விட்டன.

ஃபிலிம் முழுசாக இருந்தும் ட்ரேக்குக்கு மட்டும் ஏன் ஏக்கம் குறைவு? எம்மா பீல் போகும் காட்சியைப் பாருங்கள். அமேசான் காட்டில் காணாமல் போன கணவர் திரும்பிவிட்டார். மாடிப்படியில் இறங்கும்போது ஏறி வரும் புதிய பெண்ணிடம், ஸ்டீடுக்குத் தேநீரை இடஞ்சுழியாகக் கலக்கினால் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். கீழே காரில் காத்திருக்கும் கணவரும் தொப்பி வைத்திருக்கிறார், தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்டீட் மாதிரியே. அரை நிமிடம். அதைப் பார்த்துவிட்டு அழாத ரசிகர் இல்லை. நம்பர் சிக்ஸுக்கு அந்தக் குரங்கு முகமூடி இருக்கிறது. ட்ரேக்குக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. ஜப்பானில் நடப்பதாக இரண்டு பகுதியை வண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்தபோதே மெக்கூஹனுக்குச் சலித்துவிட்டது. அந்த இரண்டும் 1968இல் பிரிட்டிஷ் திரைக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே வேறொரு ஊரில், வெள்ளைக் கரை போட்ட கறுப்புக் கோட்டோடு நடந்துகொண்டிருந்தார்.