விவால்டி, சீமங்கி, தண்டர்பேர்டு: கடை மடல்களை எதில் வைப்பது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவருக்கும், கோயில் நிர்வாகக் குழுவிலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ செயலாளராக இருப்பவருக்கும் இன்றும் மின்னஞ்சல்தான் செல்லுபடியாகும் எழுத்து. விலையை வாட்சாப்பில் பேசி முடித்தாலும், தூத்துக்குடியிலிருந்து சரக்கு அனுப்புகிறவரின் விலைப்பட்டியலும், பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் சரக்கை எடுத்துத் தரும் முகவரின் கட்டணச் சீட்டும் மின்னஞ்சலில்தான் வந்து சேர்கின்றன. வணிகக் கணக்குக்கான ஆவணங்களை 7 ஆண்டுகள் பாதுகாத்து வைக்கவேண்டும் என்பது மலேசிய வருமான வரிச் சட்டத்தின் விதி. ஆகவே, அஞ்சலுக்கு எந்த மென்பொருளை எடுத்துக்கொள்வது என்று யோசிக்கும்போது அதன் தோற்றத்தையும் வேகத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மடல்கள் எங்கே தங்குகின்றன, வேண்டிய நாளில் அவற்றை வெளியே எடுக்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விவால்டியும் சீமங்கியும் உலாவிக்குள்ளேயே அஞ்சல் வசதியைக் கொண்டவை. ஏதேனும் ஓர் உலாவியை வைத்துக்கொண்டு அஞ்சலுக்குத் தண்டர்பேர்டைத் தனியே நிறுவிக்கொள்வது இன்னொரு வழி.

உலாவியையும் அஞ்சலையும் ஒரே மென்பொருளில் சேர்க்கும் எண்ணம் பழையது. 1997இல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரிலேயே உலாவியும் அஞ்சலும் சேர்ந்திருந்தன. அதன் வழிவந்த மொசில்லா தொகுப்பை 2005இல் மொசில்லா அறக்கட்டளை கைவிட்டு, ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு என்ற தனித்தனி மென்பொருள்களில் கவனம் செலுத்தத் தொடங்கியபோது, பழைய தொகுப்பை விட மனமில்லாத தன்னார்வலர்கள் அதைச் சீமங்கி என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 2003இல் வந்த ஓப்பரா உலாவியின் 7ஆம் பதிப்பில் எம்2 என்ற அஞ்சல் பகுதி இருந்தது. 2013இல் அந்த உலாவி, கூகுள் குரோமுக்கும் அடிப்படையான குரோமியத்துக்கு மாறியபோது அஞ்சல் தனி மென்பொருளாகப் பிரிக்கப்பட்டது. ஓப்பராவை நிறுவியவர்களில் ஒருவரான யோன் வோன் டெட்ஷ்னர் பின்னர் தொடங்கிய விவால்டி, அதே எண்ணத்தை மீண்டும் கையிலெடுத்து 2022 ஜூனில் தன் அஞ்சலின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது.

விவால்டி அஞ்சலின் பலம் அது மடல்களை அடுக்கி வைக்கும் முறையில் இருக்கிறது. எத்தனை கணக்குகளைச் சேர்த்தாலும் எல்லா மடல்களும் ஒரே தரவுத்தளத்தில் சேர்கின்றன. படிக்காதவை, கொடியிட்டவை, சிட்டையிட்டவை, ஒருவரிடமிருந்து வந்தவை என்று நாம் கேட்கும் கோணத்தில் அவை வரிசையாகின்றன. ஒரு மடல் ஒரே நேரத்தில் பல வரிசைகளில் தெரியலாம். கடையின் ஜிமெயில் கணக்குக்குச் சரக்கு அனுப்புகிறவர் எழுதியிருப்பார். கடையின் சொந்த முகவரிக்கு முகவர் எழுதியிருப்பார். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமுமாக இருக்கும் கொள்கலன் எண்ணைத் தேடல் பெட்டியில் தட்டினால் இருவருடைய மடல்களும் ஒரே பட்டியலில் தேதி வாரியாக வந்து நிற்கின்றன. மடல்களை முழுமையாக இறக்கி வைத்திருந்தால் இந்தத் தேடல் நம் கணினியிலேயே நடக்கும். இணையம் துண்டிக்கப்பட்டிருந்தாலும் பழைய கடிதத்தைத் தேடி எடுத்துவிடலாம். ஒப்பிட்ட மூன்றில் தேடலில் விவால்டியை மிஞ்சியது எதுவுமில்லை. குரோமியம் இயந்திரத்தில் ஓடுவதால் வங்கித் தளங்களும் வரி வாரியத்தின் தளமும் அதில் தடையின்றித் திறக்கின்றன.

குறைகளும் உண்டு. உலாவியை மூடினால் அஞ்சலும் நின்றுவிடும். கைப்பேசியில் உள்ள விவால்டியில் அஞ்சல் பகுதி இல்லை. ஓப்பன்பிஜிபி முறையில் மடலை மறையாக்கம் செய்யும் வசதியும் இல்லை. அதன் இடைமுகத்தின் மூலநிரல் திறந்த உரிமத்தில் வெளியிடப்படவில்லை என்பது சிலருக்கு உறுத்தலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: ஆயிரக்கணக்கான மடல்களை மொத்தமாக வெளியே எடுத்து இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் பாதை, தண்டர்பேர்டில் இருக்கும் அளவுக்கு இங்கே நேராக இல்லை.

சீமங்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய விண்டோஸ் 7 கணினியிலும் அது ஓடும்; மடல்களை எம்பாக்ஸ் என்ற எளிய உரைக் கோப்புகளில் வைக்கும்; அதன் அஞ்சல் பகுதி இன்னும் நம்பகமானது. ஆனால் அதன் உலாவி இயந்திரம் பின்தங்கிவிட்டது. இன்றைய தளங்கள் பலவற்றுக்குத் தேவையான ஜாவாஸ்கிரிப்ட் கூறுகளை அது முழுமையாக அறியாததால், பக்கங்கள் பாதி திறந்து நிற்கின்றன. இதனால் வேறோர் உலாவியையும் நிறுவ நேரிடுகிறது. அப்படியானால் இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதன் பயனே போய்விடுகிறது. அந்தத் தன்னார்வலர்களின் உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்டர்பேர்டு முழுக்க முழுக்கத் திறந்த மூலநிரல் மென்பொருள். பயனர்களின் நன்கொடையில் நடக்கிறது. 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து ஓப்பன்பிஜிபி அதற்குள்ளேயே இருக்கிறது. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு பதிப்பும் வந்தது. அதன் இடப்பக்கத்தில் கணக்குகளுக்குக் கீழே உள்ளகக் கோப்புறைகள் என்றொரு பகுதி உண்டு. ஜிமெயிலில் இருக்கும் சென்ற ஆண்டின் விலைப்பட்டியல்களைத் தேர்ந்தெடுத்து அங்கே நகலெடுத்தால், வழங்கியில் (சர்வரில்) என்ன நடந்தாலும் பாதிக்கப்படாத பிரதி நம் வட்டில் எம்பாக்ஸ் வடிவில் உருவாகிறது. ஒரு கோப்புறைக்கு ஒரு கோப்பு. அதை யூஎஸ்பி வட்டுக்கு அப்படியே எடுத்துவிடலாம். இதிலும் ஒரு கவனம் தேவை. எல்லா மடல்களும் ஒரே கோப்பில் இருப்பதால், நச்சுநிரல் தடுப்பான் ஒரேயொரு மடலைச் சந்தேகித்தாலும் உள்பெட்டிக் கோப்பு முழுவதையும் முடக்கிவிட வாய்ப்புண்டு. உள்பெட்டியைப் பெருக விடாமல் ஆண்டுக்கொரு கோப்புறையாகப் பிரிப்பது இதற்கு நல்ல தடுப்பு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஐமேப், பாப் என்ற இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம். ஐமேப் முறையில் நம் கணினியில் தெரிவது வழங்கியின் பிரதிபலிப்பு. கைப்பேசியில் ஒருவர் மடலை அழித்தால் கணினியிலும் அது அழிந்துவிடும். ஐமேப் கணக்கைச் சேர்த்துவிட்டதால் காப்புப்பிரதி கிடைத்துவிட்டது என்று நம்புகிறவர்கள் நம்மிடையே பலர். பாப் முறையிலோ மடல் நம் கணினிக்கு இறக்கப்படுகிறது; இறக்கிய மடல் நம்முடையது. இந்நாட்டில் இணையத்தை முதலில் வழங்கிய ஜாரிங் 2015இல் மூடப்பட்டபோது அந்த முகவரிகள் பயனற்றுப் போயின. ஆனால் பாப் முறையில் இறக்கி வைத்திருந்த கடிதங்கள் அவரவர் வட்டில் நின்றன.

நீண்ட காலமாகத் தமிழில் மடல் எழுதி வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்த காலத்தில், நம்மவர் பலர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களைக் கொண்டு ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முந்தைய திஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில் எழுதினார்கள். அன்றைய நெட்ஸ்கேப்பில் பயனர் வரையறுத்த குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய எழுத்துருவைப் பொருத்திப் படித்தோம். இன்று அந்த மடல்கள் மூன்று மென்பொருள்களிலுமே புரியாத குறிகளாகத்தான் தெரிகின்றன. ஆனால் எம்பாக்ஸ் கோப்பிலிருந்து உரையை எடுத்து ஒருங்குறி மாற்றியில் இட்டால் தமிழ் மீண்டுவிடும். சங்கங்களின் பழைய கடிதப் போக்குவரத்து இப்படியே படிக்கப்படாமல் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பல கணக்குகளை நாள் முழுவதும் ஒரே ஆள் கையாளும் கடைக்கு விவால்டியைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் ஆண்டுக் கணக்கு முடிந்ததும் அதே கணக்குகளைத் தண்டர்பேர்டில் சேர்த்து, மடல்களை உள்ளகக் கோப்புறைக்கு நகலெடுத்து வைக்கவேண்டும். செயலாளர் மாறிக்கொண்டே இருக்கும் சங்கங்களுக்கும் பள்ளிக் குழுக்களுக்கும் தண்டர்பேர்டு மட்டுமே பொருத்தம். பொறுப்பை ஒப்படைக்கும்போது பயனர் அமைப்புகள் அடங்கிய கோப்புறை முழுவதையும் கொடுத்துவிடக் கூடாது. சேமித்த கடவுச்சொற்கள் அதில்தான் இருக்கின்றன. தண்டர்பேர்டை மூடிவிட்டு, உள்ளகக் கோப்புறைகளின் எம்பாக்ஸ் கோப்புகளை மட்டும் எடுத்துக் கொடுத்து, கணக்கின் கடவுச்சொல்லைப் புதியவரையே மாற்றச் சொல்ல வேண்டும்.