எங்கள் பட்டன்: கொளத்தூரில் வாங்கிய ஆஸ்கர் மீன், ஏழு மாதத்துக்குப் பிறகு

வாங்கிய அன்றைக்கே மதிப்புரை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ப்ளவுஸை நாலு தடவை துவைத்த பிறகுதான் தையலின் லட்சணம் தெரியும். அதனால் ஏழு மாதம் பொறுத்து எழுதுகிறேன்.

பெரம்பூரில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தே தைக்கிறேன் என்று, மகள் தன் முதல் சம்பளத்தில் மீன் தொட்டி வாங்கித் தருவதாகச் சொன்னாள். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நான்கு கடை ஏறி இறங்கினோம். எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ பட்ஜெட்?" ஐந்தாவது கடைக்காரர் மட்டும், "தொட்டிய எங்க வெக்கப் போறீங்கக்கா? பக்கத்துல யாரு உக்காருவாங்க?" என்று கேட்டார். மெஷின் பக்கத்தில், நான்தான் என்றேன்.

"அப்ப ஆஸ்கர் எடுத்துக்குங்க. கப்பி, மோலியெல்லாம் அழகா இருக்கும், ஆனா உங்களப் பாக்காது."

பார்க்காது என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது புரியவில்லை. ஒரு தொட்டியில் இரண்டு அங்குலக் குஞ்சுகள் முப்பது இருக்கும். கண்ணாடியில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தச் சொன்னார். எது கூடவே வருகிறதோ அதை எடுக்க வேண்டுமாம். முக்கால்வாசி மூலைக்கு ஓடிவிட்டன. இரண்டு வந்தன. விரலை எடுத்த பிறகும் ஒன்று அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரி, இதுதான் என்றேன்.

கடைக்காரர் செய்த இன்னொரு நல்ல காரியம்: தன் கடைத் தொட்டி ஃபில்டரிலிருந்து ஒரு அழுக்கு ஸ்பாஞ்சைப் பிழிந்து கவரில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறேன் என்றேன். கத்தியே விட்டார். அந்த அழுக்கில்தான் பாக்டீரியா இருக்கிறது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுவது அதுதான் என்று பாடமே நடத்தினார். புதுத் தொட்டியில் மீன் சாவது பெரும்பாலும் அந்த அம்மோனியாவால்தானாம். என் மீன் சாகவில்லை. ஸ்பாஞ்சுக்குக் காசும் வாங்கவில்லை.

இப்போது குறை. இரண்டடித் தொட்டி போதும் என்று விற்றார். போதவே போதாது. ஆஸ்கர் ஏறக்குறைய ஓர் அடி வளரும், பத்து வருடத்துக்கு மேலேயும் இருக்கும். 2x1x1 அடித் தொட்டியில் 56 லிட்டர்தான் பிடிக்கும். நாலாவது மாதம் மீன் திரும்பும்போது வால் கண்ணாடியில் உரசியது. அளவெடுத்துப் பிழைக்கிற நான் அன்றைக்கு அளவு கேட்காமல் வந்தது என் தப்பும்தான். பிறகு 4x1½x1½ அடியில் வேறு தொட்டி வாங்கினோம். நிறைத்தால் தண்ணீர் மட்டுமே 250 கிலோவுக்கு மேல். அதற்கு இரும்பு ஸ்டாண்டு தனிச் செலவு. பழைய தொட்டியைப் பாதி விலைக்குக்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார் அதே கடைக்காரர்.

சரி, மீனுக்கு வருகிறேன். இரண்டு மாதத்தில் வால் அடியில் கறுப்பு வட்டமும் அதைச் சுற்றி ஆரஞ்சு வளையமும் தெரிய ஆரம்பித்தன. அசல் கோட்டு பட்டன். பெயர் அப்படித்தான் வந்தது.

முதலில் கண்ணில் பட்டது தெர்மாமீட்டர் விளையாட்டு. கடையில் தந்தது அடியில் குண்டு வைத்துச் செங்குத்தாக மிதக்கும் கண்ணாடி ரகம். பட்டன் அதை மூக்கால் முட்டும், அது சாய்ந்து நிமிரும், மறுபடி முட்டும். பசி என்று நினைத்துத் தீனி போட்டேன். தின்றுவிட்டு மறுபடி முட்டப் போனது. மகளிடம் சொன்னபோது, இதையே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்று தேடிக் காட்டினாள். அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தின் கோர்டன் பர்க்ஹார்ட்டும் கூட இருந்தவர்களும், சிச்லிட் இனத்து ஆண் மீன்கள் மூன்றைக் கவனித்தார்களாம். அவையும் இப்படி அடி கனத்த தெர்மாமீட்டரைத்தான் விடாமல் முட்டின. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பக்கத்தில் வேறு மீன் இருந்தாலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. விளையாட்டு என்றே எழுதிவிட்டார்கள். ஆஸ்கரும் சிச்லிட்தான். ஆனால் கண்ணாடித் தெர்மாமீட்டர் உடைந்தால் ஆபத்து. எடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையனின் பிங்பாங் பந்தைப் போட்டேன். இரண்டு நாள் சந்தேகமாகப் பார்த்தது, மூன்றாம் நாள் தள்ளத் தொடங்கியது. பையன் பந்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

என்னை அடையாளம் தெரியுமா? தீனி டப்பாவைத்தான் தெரியும் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. நாத்தனார் வந்தபோது சோதித்துப் பார்த்தோம். அவள் டப்பாவோடு போனாள், பட்டன் வந்தது. ஒரு பாயிண்ட் அவருக்கு. டப்பா இல்லாமல் போனாள், அசையவில்லை. நான் வெறுங்கையோடு போனேன், தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து வந்து வாலை ஆட்டியது. 2016இல் வில்லு மீன்களுக்கு (தண்ணீரைத் துப்பிப் பூச்சியை வீழ்த்தும் மீன்) மனித முகங்களைப் பிரித்தறியப் பழக்கியிருக்கிறார்கள், தெரிந்த முகத்தின் படத்தின்மீது அவை தண்ணீரைத் துப்பினவாம். அதையும் மகள்தான் சொன்னாள். பட்டனுக்கு என் முகமா, நடையா, மஞ்சள் இஞ்ச் டேப்பா, எது அடையாளம் என்று சொல்ல மாட்டேன். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துத் தொட்டியோரமாக இழுத்தால் முனையைப் பிடிக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது.

கோபமும் உண்டு. முதல் முறை கூழாங்கல்லை எல்லாம் எடுத்துக் கழுவி வைத்த அன்று, ஒருக்களித்துத் தரையில் படுத்துவிட்டது. செத்துவிட்டது என்று அழுதுகொண்டே கடைக்குப் போன் போட்டேன். "கோவிச்சுக்கிச்சுக்கா. ஆஸ்கர் அப்டித்தான். ரெண்டு நாள் விடுங்க" என்றார். மறுநாள் மாலை எழுந்து, நான் அடுக்கிய கற்களை வாயால் அள்ளிப் பழையபடி மூலையில் குவித்தது. இப்போதெல்லாம் வாரத்துக்கு நாலு குடம் தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன், அதுவும் குளோரின் நீக்கும் சொட்டு விட்டு. கற்களைத் தொடுவதில்லை.

யாருக்கு ஒத்துவராது? தொட்டியில் செடியும் அழகும் வேண்டும் என்பவர்களுக்கு. செடியைப் பிடுங்கிப்போடும். சின்ன மீன்களோடு சேர்த்து வளர்க்க நினைப்பவர்களுக்கும் வேண்டாம், வாய்க்கு அடங்குவதை விழுங்கிவிடும். தீனிக்கென்று உயிருள்ள கப்பிகளைக் கடையில் தள்ளப் பார்ப்பார்கள். நான் வாங்கவில்லை, பெல்லட்டிலேயே நன்றாக வளர்கிறது.

மீனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொடுத்ததற்கும் ஸ்பாஞ்சுக்கும் கடைக்கு ஐந்தில் நான்கு, தொட்டி விஷயத்தில் ஒன்று. சராசரி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். போகிறவர்கள் ஞாயிறு ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மீன் கவரை ஹேண்டில்பாரில் மாட்டாமல் பின்னால் இருப்பவர் மடியில் வைத்து வாருங்கள். வரும் வழியில் பந்தும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைப் போல யாரையும் அழவைக்க வேண்டாம்.