பிணைப்பு ஆய்வுக்கு மைக்ரோசாட்டிலைட்டா, எஸ்என்பி சிப்பா?

ஒரு நோய்க்கான மரபணு எந்தக் குரோமோசோம் பகுதியில் இருக்கிறது என்று குடும்பங்களில் தேடுவதே பிணைப்பு ஆய்வு. அதற்குக் குடும்ப மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பும் முன் பலர் தயங்கும் இடம் இதுதான்.

தகவல்: மைக்ரோசாட்டிலைட் (டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடம்) குறிப்பான் ஒன்றுக்குப் பல அல்லீல்கள் (மாற்று வடிவங்கள்) உண்டு, மனித மரபணுத்தொகுதி முழுவதற்கும் சுமார் 400 போதும். எஸ்என்பிக்கு (டிஎன்ஏவின் ஒரே ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும் இடம்) பெரும்பாலும் இரண்டே அல்லீல்கள், ஆயிரக்கணக்கில் வேண்டும்.

உழைப்பு: மைக்ரோசாட்டிலைட்டில் பிசிஆர் (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் முறை) நழுவலால் முடிவு வரைபடத்தில் வரும் போலி உச்சங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். ஆய்வகம் மாறினால் அல்லீல் அளவும் சற்று மாறலாம். அதனால் சோதிக்கும் ஒவ்வொரு மாதிரித் தொகுதியிலும் ஒரே கட்டுப்பாட்டு டிஎன்ஏவை ஓட்டச் சொல்லுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எஸ்என்பியைக் கணினியே படித்துவிடும்.

சிக்கல்: பெற்றோர் மாதிரி இல்லாதபோது, அருகருகே இருந்து பெரும்பாலும் சேர்ந்தே வரும் எஸ்என்பிகள் லாட் மதிப்பைப் (பிணைப்புக்கான ஆதாரம் எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்) பொய்யாக உயர்த்தலாம். முதலில் அவற்றைச் சலித்துக் குறையுங்கள்.

சரி, எது யாருக்கு? தெரிந்த ஒரு பகுதியைச் சில குடும்பங்களில் சரிபார்க்க மைக்ரோசாட்டிலைட் போதும். முழுத் தேடலைப் புதிதாகத் தொடங்குபவருக்கு எஸ்என்பி சிப்பையே சொல்வேன்.