போர்ட்லெட் விழுந்தால் எந்தப் பிழைப்பக்கம்? வெப்.எக்ஸ்எம்எல், ஃபில்டர், போர்ட்டல் அமைப்பு: ஓர் ஒப்பீடு

ஜாவா போர்ட்டல் என்பது பல போர்ட்லெட்களை, அதாவது தனித்தனிப் பெட்டிகளாக இயங்கும் சிறு நிரல்களை, ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டும் தளம். அதில் ஒரு போர்ட்லெட் எக்செப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) வீசினால் பலரும் முதலில் கைவைப்பது வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில்தான். எரர்-பேஜ் டேக் எழுதி, 500 என்ற சர்வர் பிழைக்கு ஒரு ஜேஎஸ்பி பக்கத்தைக் காட்டி, டெப்ளாய் செய்வார்கள். அந்தப் பக்கம் வரவே வராது. காரணம், ஜாவா வெப் நிரல்களுக்கான செர்வ்லெட் விதிமுறையிலேயே இருக்கிறது: ரிக்வெஸ்ட் டிஸ்பாட்சர் (ஒரு நிரலிலிருந்து இன்னொன்றை அழைக்கும் வசதி) வழியாக அழைத்த இடத்தில் பிழை வந்தால் எரர்-பேஜ் தலையிடாது, அழைத்தவரிடமே பிழை திரும்பும். போர்ட்டல்கள் பொதுவாக போர்ட்லெட்டை அப்படித்தான் அழைக்கின்றன. போர்ட்டல் எக்செப்ஷனைப் பிடித்துக்கொண்டு மற்ற போர்ட்லெட்களைத் தொடர்ந்து வரையும். பிரவுசருக்குப் போவது பெரும்பாலும் ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200. ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பார்க்கும் கண்காணிப்புக்கு எதுவுமே தெரியாது. போர்ட்டலே விழும் நேரத்துக்கு மட்டும், போர்ட்டலின் வெப்.எக்ஸ்எம்எல்லில் எரர்-பேஜ் இருக்கட்டும்.

போர்ட்லெட் சொந்தக் கோடு என்றால், அதற்கு வரும் அழைப்பை இடைமறிக்கும் ஃபில்டர்தான் சிறந்தது. 2008இல் வந்த போர்ட்லெட் விதிமுறையான ஜேஎஸ்ஆர் 286 இதைத் தருகிறது. அதற்கு முந்தைய ஜேஎஸ்ஆர் 168இல் ஃபில்டர் கிடையாது, பொதுவான தாய் கிளாஸ் ஒன்றில் ரெண்டரை (பெட்டியை வரையும் மெத்தடை) ஓவர்ரைடு செய்ய வேண்டும். போர்ட்லெட்.எக்ஸ்எம்எல்லில் ஃபில்டரை அறிவித்து, லைஃப்சைக்கிளாக ரெண்டர்_ஃபேஸ் கொடுத்து, போர்ட்லெட் பெயருடன் மேப்பிங் சேருங்கள். டூஃபில்டரை ட்ரை-கேட்சில் வையுங்கள். கேட்சில் முதலில் லாக், பிறகு ரீசெட்பஃபர் (அதுவரை எழுதியதை அழிப்பது), அதன்பின் பிழை ஜேஎஸ்பி இன்க்ளூட். ரீசெட்பஃபரை விட்டுவிட்டால், மூடாத டேபிள் டேகுக்குள் பிழைச்செய்தி விழுந்து பக்கத்துப் போர்ட்லெட்டும் உருக்குலையும். ரெஸ்பான்ஸ் ஏற்கெனவே கமிட் ஆகியிருந்தால் (அனுப்பத் தொடங்கியிருந்தால்) அதே அழைப்பு இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன் வீசும். இஸ்கமிட்டட் பார்த்துவிட்டே அழையுங்கள். அந்த ஜேஎஸ்பியில் எச்டிஎம்எல், பாடி டேகுகள் கூடாது, டேட்டாபேஸையும் தொடக் கூடாது.

ஆக்‌ஷனுக்கு (படிவம் அனுப்புவது போன்ற பயனர் செயலுக்கு) இந்த ரெண்டர் ஃபில்டர் உதவாது. ப்ராசஸ்ஆக்‌ஷனிலிருந்து எக்செப்ஷன் வெளியேறினால் அந்த ரிக்வெஸ்டில் போர்ட்லெட்டின் ரெண்டர் அழைக்கப்படவே கூடாது என்பது விதி. ஆக்‌ஷனுக்குள்ளேயே பிடித்து, பிழைக்குறியை ரெண்டர் பாராமீட்டரில் வைத்து அனுப்புங்கள்.

வெளியிலிருந்து வாங்கிய, கோடைத் தொட முடியாத போர்ட்லெட்களுக்குப் போர்ட்டல் அமைப்பே வழி. உதாரணமாக, இப்போது கைவிடப்பட்டுவிட்ட ஜேபாஸ் போர்ட்டலில், அனுமதி மறுப்பு, உள்பிழை போன்ற ஒவ்வொரு நிலைக்கும் ப்ராப்பர்டியாக இக்னோர், ஹைட், ஜேஎஸ்பி என்று தனித்தனியே சொல்ல முடிந்தது. ஹைடை அனுமதி மறுப்புக்கு மட்டும் கொடுங்கள். உள்பிழைக்குக் கொடுத்தால் பெட்டியே காணாமல் போகும். பயனர் அப்படி ஒன்று இருந்ததாகவே நினைக்கமாட்டார், புகாரும் வராது. இந்த வழியின் குறை, பிழையின் வகைதான் அதற்குத் தெரியும். ‘உங்கள் படிவம் சேமிக்கப்படவில்லை’ என்று பயனரிடம் சொல்ல அதனால் முடியாது.

எந்த வழியை எடுத்தாலும், போர்ட்லெட் இப்போது கிடைக்காது என்று சொல்லும் அன்அவெய்லபிள்எக்செப்ஷனில் கவனம் வேண்டும். விநாடி எண்ணிக்கை இல்லாமல் வீசினால் அது நிரந்தரம் என்று பொருள்: போர்ட்லெட் அடங்கிய செயலியை மறுபடி தொடங்கும்வரை போர்ட்லெட் திரும்பாது. டேட்டாபேஸ் சற்று நேரம் கிடைக்காததற்கு 60 என்று விநாடி கொடுத்தே வீசுங்கள்.