துபாயா, சியாங் மாயா, பினாங்கா: வடசென்னைக்காரருக்கு எந்த ஊர் சரி?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொளத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று வெளிநாட்டு கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ஒரு வருஷம் வெளியூர்ல இருந்து வேலை பார்க்கலாம்னு இருக்கேன், எங்க போகட்டும்?" இணையத்தில் தேடினால் லிஸ்பன், பாலி என்று பட்டியல் வரும். அதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கரையும் ஐரோப்பியரையும் மனதில் வைத்துப் போட்டது. வீட்டில் வயதான அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு, மாதாமாதம் பணமும் அனுப்புகிறவருக்கு அந்தப் பட்டியல் உதவாது. அதனால் மூன்று ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: துபாய், தாய்லாந்தின் சியாங் மாய், மலேசியாவின் பினாங்கு. என் ஓட்டு பினாங்குக்கு.

முதலில் விசா. துபாயின் ஒரு வருடத் தொலைவேலை விசாவுக்கு மாதம் 3,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய். தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) என்ற விசாவுக்கு வேலைக்கான சான்றோடு, வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பும் காட்ட வேண்டும். அது 13 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. ஆனால் கிடைத்துவிட்டால் ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். மலேசியா 2022 அக்டோபரில் தொடங்கிய டிஇ ரந்தாவ் என்ற தொலைவேலை பாஸ், ஐடி சார்ந்த வேலையில் இருப்பவரிடம் ஆண்டுக்கு 24,000 டாலர் வருமானம் கேட்கிறது. மாதம் 2,000 டாலர். மற்ற துறை என்றால் 60,000 டாலர் என்று ஏறிவிடும், அதைக் கவனியுங்கள். மூன்று முதல் பன்னிரண்டு மாதம் வரை தருகிறார்கள், இன்னொரு பன்னிரண்டு மாதத்துக்குப் புதுப்பிக்கலாம். நடுத்தரச் சம்பளத்தில் கோடிங் எழுதுகிற பிள்ளைக்கு எட்டக்கூடியது இதுதான்.

அடுத்தது வாடகை. பினாங்கில் ஒரு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு (காண்டோ) 1,500 ரிங்கிட்டைச் சுற்றிக் கிடைக்கும். இரண்டு மாத அட்வான்ஸ், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை என்று கையில் ரெடியாக வைத்திருக்க வேண்டும். சியாங் மாயில் இதைவிடவும் மலிவாகப் பார்க்கலாம். இந்தக் காசுக்கு துபாயில் பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலோ (பெட் ஸ்பேஸ்), தடுப்பு போட்டுப் பிரித்த அறையோதான். மேல் பங்க்கில் படுத்துக்கொண்டு, கீழே ஒருவர் தூங்கும்போது கிளையன்ட் மீட்டிங் பேச முடியாது. தனி வீடு எடுக்கலாம் என்றால் வருட வாடகையைச் சில காசோலைகளாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள்.

துபாயை நான் ஒதுக்கப் பணம் மட்டும் காரணமில்லை. அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், ஆனால் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் பல வருடங்களாகவே தடை. அலுவலக மீட்டிங்குக்கு டீம்ஸ், ஜூம் இருக்கின்றன, வீட்டுக்குப் பேச அனுமதி பெற்ற வேறு செயலிகளும் இருக்கின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் பச்சைப் பொத்தானை அழுத்த மட்டுமே பழகியிருக்கிற அம்மாவுக்கு இன்னொன்றை யார் சொல்லிக்கொடுப்பது? அம்மா சாப்பிட்டாங்களா, கால் வீக்கம் வடிந்ததா என்று தினமும் முகம் பார்த்துத் தெரிந்துகொள்கிறவருக்கு இது பெரிய இழப்பு.

சரி, துபாய்க்கு உள்ளதையும் சொல்ல வேண்டும். கடிகாரம் அதற்குச் சாதகம். கோடைக்காலத்தில் லண்டனில் காலை 9 மணி என்றால் துபாயில் மதியம் 12, சியாங் மாயில் 3, பினாங்கில் மாலை 4. நியூயார்க் 9 மணி என்றால் துபாயில் மாலை 5, சியாங் மாயில் இரவு 8, பினாங்கில் இரவு 9. அமெரிக்க கிளையன்ட் உள்ளவர் பினாங்கு போனால் விடிய விடிய வேலைதான், உடம்பு கெட்டுவிடும். சம்பளமும் கைகொடுத்தால் அவர் துபாயையே பார்க்கலாம். ஐரோப்பிய கம்பெனி என்றால் பினாங்கில் மாலை ஷிப்ட், காலைப் பொழுது முழுக்கக் கையில் இருக்கும்.

சியாங் மாய் அழகான ஊர். நிம்மன் பகுதியில் கோவொர்க்கிங் இடங்களும் காபிக் கடைகளும் வரிசையாக இருக்கும், இணையமும் வேகம். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல் எரிப்பும் காட்டுத்தீயும் சேர்ந்து புகை கிளம்பும். சுற்றி மலை என்பதால் வெளியேறாமல் ஊர் மேலேயே தங்கிவிடும். உலகத்திலேயே காற்று மோசமான நகரங்களில் ஒன்றாக அந்த நாட்களில் அதன் பெயர் வரும். மணலி, எண்ணூர்க் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர்கள் நாம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்ததையும், அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் ராத்திரியில் ஓடியதையும் பார்த்தவர்கள். காசு கொடுத்து வெளிநாடு போய் மறுபடியும் நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பினாங்கிலும் சில வருடங்களில் சுமத்ரா காட்டுத்தீயின் புகை வருவதுண்டு. ஆனால் வருடம் தவறாமல் மூன்று மாதம் என்று அல்ல.

இனி பினாங்கு. ஜார்ஜ் டவுன் துறைமுக நகரம். ராயபுரம், காசிமேட்டுக்காரருக்கு அந்த உப்புக் காற்று பழகியதுதான். சென்னைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1980களின் நடுப்பகுதி வரை சிதம்பரம் என்ற பயணிகள் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதில் போன உறவினர் பற்றிப் பேசும் வீடுகள் இன்றும் நம் பக்கம் உண்டு. குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. பக்கத்துக் கடைத்தெருவில் மல்லிகைப்பூ, முருங்கைக்காய், எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் கிடைக்கும். கடைக்கார அக்கா "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கறிவேப்பிலையைப் பையில் போடுவார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கி ஊரே திரளும். தனியாகப் போகிறவருக்கு இதெல்லாம் மருந்து. மூன்றாவது மாதத்தில் ஏக்கம் பிடித்துத் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு சொல்கிறேன்.

அவசரத்துக்கு ஊர் திரும்புவதையும் யோசியுங்கள். "அப்பாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்" என்று போன் வந்தால், துபாயிலிருந்து விமானங்கள் ஏராளம், நான்கு மணி நேரத்தில் சென்னை. பினாங்கிலிருந்து சென்னைக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. அதில் இடமில்லை என்றால் கோலாலம்பூர் போய் மாறலாம். சியாங் மாயிலிருந்து பாங்காக் போன்ற ஊரில் மாறித்தான் வர வேண்டும். இங்கே இறங்கிய பிறகு கவலையில்லை, மெட்ரோ நீல வழித்தடம் மாறாமல் விம்கோ நகர் வரை போகிறது.

வரியில் துபாய்க்கு மிஞ்சி ஒன்றும் இல்லை, தனிநபர் வருமான வரியே கிடையாது. தாய்லாந்தில் ஒரு வருடத்தில் 180 நாள் தொட்டால் வரிக் கணக்கில் வந்துவிடுவீர்கள். 2024 முதல் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அதற்கும் வரி உண்டு. மலேசியாவில் 182 நாள் கணக்கு. இந்தியாவிலும் நிதியாண்டில் இங்கே தங்கும் நாளுக்கு 182 என்பது முக்கியக் கோடு, எனவே கிளம்பும் தேதியை ஏப்ரலை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள், ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு.

கடைசியாக ஒன்று. சென்னை அலுவலகச் சம்பளத்தில் இருப்பவர், மேனேஜர் வாய்வார்த்தையாக "போயிட்டு வா" என்றதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். தகவல் பாதுகாப்பு, வரி என்று காரணம் காட்டிப் பல கம்பெனிகள் வெளிநாட்டிலிருந்து லாகின் செய்யவே விடுவதில்லை. எந்த நாட்டிலிருந்து, எவ்வளவு காலம் என்று எழுதிய கடிதத்தை எச்ஆரிடம் வாங்கிக்கொண்டு அப்புறம் விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.