செந்தூல் கேஎல்பேக்: நாடகம் பார்க்காவிட்டாலும் போகலாம்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் கேஎல்பேக் (KLPAC) என்ற நிகழ்கலை மையத்தில் நடக்கும் நாடகங்களைப் பற்றி எழுத நிறைய ஆள் இருக்கிறார்கள். நான் கட்டடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பழைய கட்டடம் என்றால் ஒன்று இடித்துத் தள்ளுவது, இல்லையென்றால் சுவருக்குச் சாயம் பூசி, கபே வைத்து, 'ஹெரிடேஜ்' என்று பெயர் மாட்டுவது, கோலாலம்பூரில் இந்த இரண்டையும்தான் அதிகம் பார்க்கிறோம். இது இரண்டிலும் சேராது.

இன்றைக்குக் குளமும் புல்வெளியுமாக இருக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் ரயில்வே நிலம். 1900களின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களின் ரயில்வே தன் மையப் பட்டறையைச் செந்தூலில் அமைத்தது. 1920களின் கடைசியில் அங்கே 5,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள், அதில் நம் தமிழ் ஆட்கள் எவ்வளவு பேர் என்பதைச் செந்தூலில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு தாத்தாவாவது இல்லாத பழைய செந்தூல் குடும்பம் அபூர்வம். இன்ஜின், பெட்டி எல்லாம் பழுது பார்க்கிற இடம் என்பதால்தான் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த போர்க் காலத்தில் அது குறியாகிப் போனது. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் வந்து குண்டு போட்டன. பிப்ரவரித் தாக்குதலில் மட்டுமே பட்டறைக் கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

கேஎல்பேக் இருப்பது பழைய ரயில்வே கிடங்கு ஒன்றில். இடையில் கொஞ்ச காலம் கோல்ஃப் கிளப்காரர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். 2003இல் டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்துக்கு அடியில், பிளாசா புத்ராவில் இருந்த ஆக்டர்ஸ் ஸ்டூடியோ நாடகக் குழுவின் அரங்கை வெள்ளம் அழித்துவிட்டது. அதை நடத்திய பரிடா மெரிக்கானும் ஜோ ஹாஷாமும் அடுத்து வந்து சேர்ந்த இடம் இதுதான். ஒய்டிஎல் நிறுவனமும் யாயாசான் பூடி பெஞாயாங் அறக்கட்டளையும் கைகொடுக்க, 2005இல் திறந்தார்கள். நிலத்துக்கு அடியில் போனது செங்கல் சுவருக்குள் திரும்பி வந்தது, அதுவும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். குளத்துக்கு எதிரே நின்று பாருங்கள். கீழே பழைய செங்கல் சுவர், அதற்குப் பின்னாலிருந்து கண்ணாடியும் இரும்புமாகப் புதுசு எழும்பி நிற்கிறது. பழசு போலவே புதுச் செங்கல் வைத்து ஒட்டுப் போடவில்லை. எது அந்தக் காலம், எது இந்தக் காலம் என்று சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும். எனக்கு இதுதான் பெரிய விஷயம். கிட்டப் போனால் செங்கல் ஒவ்வொன்றும் ஒரு நிறம், சிலது கருத்து, சிலது ஓரம் தேய்ந்து, நடுவில் சாந்து உள்வாங்கி. அதன் பக்கத்திலேயே வழவழவென்று கண்ணாடி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மரமெல்லாம் அந்தக் கண்ணாடியில் விழும்போது கட்டடத்தின் பாதி காணாமல் போன மாதிரி இருக்கும், அப்போது பளிச்சென்று நிற்பது பழைய சுவர் மட்டும்தான். இருட்டியபின் வந்தால் இதெல்லாம் கிடைக்காது, அதனால் இரவு நாடகத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தாலும் ஆறுக்கே வந்துவிடுங்கள்.

பெரிய அரங்கான 'பெந்தாஸ் 1'-இல் சுமார் 500 பேர் உட்காரலாம், 'பெந்தாஸ் 2' சின்னது. உள்ளே போனபின் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய நவீன அரங்குதான், பழசு வெளியோடு நின்றுவிடுகிறது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சுற்றுப்புறம் ரொம்பவே அழகாகிவிட்டது. மீன் குளம், வெட்டி விட்ட புல், கல்யாண போட்டோ எடுக்கும் ஜோடிகள். கிரீஸும் கரியும் இரும்புச் சத்தமுமாக இருந்த வட்டாரம் என்று புதிதாக வருகிறவர் ஊகிக்கவே முடியாது. அந்த உணர்வு வேண்டும் என்றால் அதே ஜாலான் ஸ்ட்ராச்சனில் இருக்கும் செந்தூல் டிப்போவையும் பாருங்கள். அது பழைய பட்டறைக் கொட்டகையேதான், இப்போது நிகழ்ச்சிகளுக்கு விடுகிறார்கள். உயரமான கூரை, வரிசையாக இரும்புத் தூண்கள், ஒரு இன்ஜினையே உள்ளே கொண்டுவந்து நிறுத்தின அளவு தெரியும். அழகில் கேஎல்பேக் மேல், உண்மைத்தன்மையில் டிப்போ மேல். ஆனால் நிகழ்ச்சி எதுவும் இல்லாத நாளில் டிப்போவுக்குள் விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு: செந்தூல் கொமியூட்டர் நிலையம் மேப்பில் பக்கமாகத் தெரியும், நடக்க ஆரம்பித்தால்தான் சுற்று புரியும். வயசானவர்களைக் கூட்டிவந்தால் கிராப் வாடகைக் கார் பிடித்துவிடுங்கள், மழை நாளில் எல்லாருக்குமே அதுதான் நல்லது.